செல்லுக்குப் பிரியச் சொல்வது யார்?

பத்தாம் வகுப்புப் படிக்கும் உங்கள் மகள் கேட்டிருப்பது மூன்று கேள்வி. செல் ஏன் வளர்ந்துகொண்டே போகாமல் இரண்டாகப் பிரிகிறது? எப்போது பிரிய வேண்டும் என்று அதற்கு யார் சொல்வது? விரலில் கத்தி பட்ட காயம் ஆறியதும் அந்த இடத்தில் செல்கள் பெருகுவது எப்படி நின்றுவிடுகிறது? முதலில் மகளுக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள். இதில் இரண்டாவது கேள்விக்கு விடை கண்டதற்காக 2001-ல் மூன்று பேருக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள். நான் கல்லூரியில் தாவரவியல் செய்முறை வகுப்பு எடுப்பவன். எனக்குத் தெரிந்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் கேள்விக்குச் சமையலறையிலேயே பதில் இருக்கிறது. கொழுக்கட்டை மாவைச் சின்னச் சின்ன உருண்டையாகப் பிடித்தால் சீக்கிரம் வெந்துவிடும். அதே மாவைத் தேங்காய் அளவுக்கு ஒரே உருண்டையாகப் பிடித்து ஆவியில் வைத்தால் வெளியே வெந்து, நடுவில் பச்சை மாவாகவே இருக்கும். விட்டம் இரண்டு மடங்கானால் சூடு நடுவுக்குப் போய்ச் சேர ஏறத்தாழ நான்கு மடங்கு நேரம் பிடிக்கிறது. செல்லின் கதையும் இதேதான். அதற்கு வேண்டிய ஆக்சிஜனும் சர்க்கரையும் சவ்வு வழியாக நுழைந்து, உள்ளே பரவித்தான் போக வேண்டும். கழிவும் அதே வழியாகத்தான் வெளியேற வேண்டும். ஒரு சென்டிமீட்டர் கனசதுரத்துக்குக் கனஅளவு 1, பரப்பு 6. பக்கத்தை இரண்டு சென்டிமீட்டர் ஆக்கினால் கனஅளவு 8, பரப்பு 24. உள்ளே சாப்பிடுகிற வாய் எட்டு மடங்கு, வாசல் நான்கு மடங்குதான். இதோடு இன்னொரு நெருக்கடியும் உண்டு. செல்லில் டிஎன்ஏ ஒரு தொகுப்புதான் இருக்கிறது. செல் பெரிதாகப் பெரிதாக, அந்த ஒரு தொகுப்பிலிருந்து படியெடுத்து அனுப்பும் கட்டளைகள் அவ்வளவு பெரிய இடத்துக்குப் போதாமல் போகும்.

பெரும்பாலான பாடநூல்கள் இதோடு நிறுத்திக்கொள்கின்றன. பிள்ளைகள் மனதில் என்ன பதிகிறது என்றால், செல் ஊதி ஊதி, தாங்க முடியாமல் இரண்டாகப் பிய்ந்துகொள்கிறது என்ற படம். அது சரியில்லை. தவளை முட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஒற்றைச் செல், குறுக்களவு ஒரு மில்லிமீட்டருக்கும் மேல், கண்ணாலேயே பார்க்கலாம். ஆய்வகங்களில் வளர்க்கும் ஆப்பிரிக்கத் தவளையான செனோபஸின் முட்டை, கருவுற்று ஒன்றரை மணி நேரத்தில் முதல் தடவை பிரிகிறது. அப்புறம் அரை மணிக்கு ஒரு தடவை பிரிந்துகொண்டே போகிறது. பன்னிரண்டு பிரிவு முடிந்தால் நாலாயிரம் செல். ஆனால் மொத்த உருண்டை முதலில் இருந்த அதே அளவுதான், துளியும் வளரவில்லை. இதற்கு நேர் எதிர், உடற்பயிற்சி செய்பவரின் கை. தசை நார்கள் தடிமனாகின்றனவே தவிர, ஒரு நார் இரண்டாகப் பிரிவதில்லை. இடுப்புப் பக்கத்திலிருந்து கால் வரை ஓடும் நரம்புச் செல்லின் இழை ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம். அது வளர்ந்தது, பிரியவே இல்லை.

ஆக, வளர்வது ஒரு வேலை, பிரிவது வேறு வேலை. சாதாரணமாக இரண்டும் கைகோத்துப் போகின்றன, அவ்வளவுதான். மகளுக்கு இந்த ஒரு வரி பிடிபட்டுவிட்டால் மீதி எல்லாம் எளிது.

வளர்வது என்றால் செல்லுக்குள் என்ன நடக்கிறது? முக்கியமாகப் புரதம் சேர்கிறது. புரதம் செய்பவை ரைபோசோம்கள்; சுறுசுறுப்பாக வளரும் மனிதச் செல் ஒன்றில் ஒரு கோடி ரைபோசோம் வரை இருக்கும். இவ்வளவு பெரிய பட்டறையை ஓட்டலாமா வேண்டாமா என்று முடிவு செய்யும் புரதத்தைக் கண்டுபிடித்த கதை ஈஸ்டர் தீவில் தொடங்குகிறது. 1964-ல் அங்கே போன ஒரு மருத்துவக் குழு மண் மாதிரிகளை அள்ளி வந்தது. அதிலிருந்த ஒரு பாக்டீரியா சுரக்கும் பொருளுக்கு, ராபா நூயி என்ற அந்தத் தீவின் பெயரை வைத்தே ராபாமைசின் என்று பெயரிட்டார்கள். அதைக் கொடுத்தால் ஈஸ்ட் செல்கள் வளர்வதை நிறுத்திவிடும். அது எந்தப் புரதத்தைப் பிடித்து நிறுத்துகிறது என்று தேடிப்போய், 1991-ல் சுவிட்சர்லாந்தின் பாசலில் மைக்கேல் ஹாலும் கூட்டாளிகளும் டார் என்ற புரதத்தின் ஜீனைக் கண்டுபிடித்தார்கள். அமினோ அமிலம் இருக்கிறதா, இன்சுலின் சமிக்ஞை வருகிறதா என்பதைப் பொறுத்து, 'புரதம் கட்டு' என்றோ 'இருப்பதை வைத்து ஓட்டு' என்றோ செல்லுக்குச் சொல்வது இதுதான். பட்டினி கிடந்தால் செல் வளர்வதை நிறுத்தித் தன் பழைய பாகங்களையே உடைத்து எரிபொருளாக்கிக்கொள்கிறது. சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டவர்கள் சிலருக்கு சிரோலிமஸ் என்று ஒரு மாத்திரை கொடுக்கிறார்களே, அது அதே ராபாமைசின்தான்.

சரி, வளர்ச்சிக்கு ஒரு கணக்கப்பிள்ளை கிடைத்தாயிற்று. பிரிவுக்கு யார்?

இதற்கு எடின்பரோவுக்குப் போக வேண்டும். 1970-களில் பால் நர்ஸ் என்ற இளம் ஆராய்ச்சியாளர் அங்கே ஒரு வகை ஈஸ்டை வளர்த்துக்கொண்டிருந்தார். சுருட்டு மாதிரி நீளமான செல். நுனிகளில் நீண்டு, குறிப்பிட்ட நீளம் வந்ததும் சரியாக நடுவில் குறுக்குச் சுவர் போட்டு இரண்டாகும். அதில் வழக்கமான நீளத்தில் பாதி வந்ததுமே பிரிந்துவிடும் ஒரு மாறுபட்ட வகை அவர் கண்ணில் பட்டது. 'வீ' என்று பெயர் வைத்தார். ஸ்காட்லாந்துப் பேச்சில் குட்டி என்று பொருள். மற்றவர்கள் பிரிய முடியாமல் திணறும் செல்களைத் தேடிக்கொண்டிருந்த காலம் அது. பிரிய முடியாததற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். எந்தப் பாகம் பழுதானாலும் வண்டி நின்றுவிடும். சீக்கிரமாகப் பிரிகிறது என்றால், காத்திருக்க வைத்த ஏதோ ஒன்றுதான் பழுதாகியிருக்க வேண்டும். அந்த 'ஏதோ ஒன்று' தான் செல்லின் அளவைப் பார்த்து அனுமதி தருகிறது. இந்த ஒரு யோசனையை நான் எத்தனை வகுப்பில் சொன்னாலும் எனக்கு அலுக்காது.

அவர் ஐம்பது போலக் குட்டி வகைகளைச் சேகரித்தார். ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் ஒரே ஜீனில் வந்த பழுது. அந்த ஒன்று இருந்த தட்டில் பூஞ்சை படர்ந்துவிட்டதால் குப்பையில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனாராம். மனசு கேட்காமல் திரும்பி வந்து எடுத்தாராம். அவரே சொன்ன கதை. அந்தத் தட்டிலிருந்த செல்லில்தான் சிடிசி2 என்ற ஜீன் மாறியிருந்தது. மற்ற நாற்பத்துச் சொச்சத்தில் கெட்டுப்போனது பிரேக். இது ஆக்சிலரேட்டர். 1987-ல் மெலனி லீயும் நர்ஸும் சேர்ந்து, சிடிசி2 பழுதாகிப் பிரிய முடியாமல் நின்ற ஈஸ்டுக்குள் மனித ஜீன்களைச் செலுத்திப் பார்த்தார்கள். அதில் ஒரு மனித ஜீன் பழுதான ஜீனின் வேலையை எடுத்துக்கொண்டது. ஈஸ்ட் பிரியத் தொடங்கியது. நமக்கும் ஈஸ்டுக்கும் பொதுவான மூதாதை வாழ்ந்து நூறு கோடி ஆண்டுக்கு மேல் ஆகிறது. இன்னும் உதிரிபாகம் மாற்றிப் போட முடிகிறது.

ஆக்சிலரேட்டர் எப்போதும் இருக்கிறது. அதை மிதிக்கும் கால் எது? இந்த விடை கடலிலிருந்து வந்தது. 1982 கோடையில் டிம் ஹண்ட் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கடற்கரையில் வுட்ஸ் ஹோல் என்ற ஊரிலிருந்த கடல் ஆய்வகத்தில் கடல் முள்ளெலி என்ற, உடம்பெல்லாம் முள் கொண்ட கடல் பிராணியின் முட்டைகளை வைத்து வேலை செய்துகொண்டிருந்தார். கருவுற்ற முட்டைகள் எந்தெந்தப் புரதங்களைப் புதிதாகச் செய்கின்றன என்று, கதிரியக்க அடையாளம் போட்டு, சில நிமிடங்களுக்கு ஒரு முறை எடுத்துப் பார்த்தார். எல்லாப் புரதங்களும் நேரம் ஆக ஆகக் கூடிக்கொண்டே போயின. ஒன்று மட்டும் கூடிக் கூடி வந்து, முட்டை பிரியும் தறுவாயில் காணாமல் போனது. மறுபடி சேர்ந்தது, அடுத்த பிரிவில் மறுபடி மறைந்தது. அதற்கு சைக்ளின் என்று பெயர் வைத்தார்.

நம் ஊரில் அந்தக் காலத்தில் நாழிகை வட்டில் என்று ஒன்று இருந்தது. அடியில் சிறு துளை போட்ட கிண்ணத்தைத் தண்ணீரில் மிதக்க விடுவார்கள். துளை வழியே நீர் மெல்ல ஏறி, நிறைந்ததும் கிண்ணம் அமிழ்ந்துவிடும். அமிழ்ந்தால் ஒரு நாழிகை. எடுத்துக் கொட்டிவிட்டு மறுபடி மிதக்க விடுவார்கள். சைக்ளின் செய்வது இதைத்தான். மெல்லச் சேர்கிறது, போதிய அளவு சேர்ந்ததும் சிடிசி2 புரதத்தோடு ஒட்டி அதை முடுக்கிவிடுகிறது, பிரிவு தொடங்குகிறது, உடனே சைக்ளின் முழுவதும் அழிக்கப்பட்டு, கிண்ணம் காலியாகிறது. அப்படிக் காலியாகாவிட்டால் செல் பிரிவை முடிக்கவே முடியாது. உங்கள் மகள் யார் சொல்வது என்று கேட்டாளே, பெயர் சொல்லிச் சொல்வதென்றால் இந்த ஜோடியைத்தான் சொல்ல வேண்டும்.

ஆனால் இந்த ஜோடிக்கு முன்னால் சில வாசல்கள் உண்டு. அவற்றைப் பற்றிச் சொல்லும் முன், கண்ணால் பார்ப்பது எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். மகளின் பள்ளியில் நுண்ணோக்கி இருந்தால் அவளே செய்து பார்க்கலாம்.

வெங்காயத்தின் காய்ந்த பழைய வேரைச் சுரண்டிவிட்டு, அடிப்பாகம் மட்டும் தண்ணீரைத் தொடும்படி ஒரு டம்ளர் வாயில் உட்கார வையுங்கள். மூன்று நான்கு நாளில் வெள்ளை வேர் இரண்டு சென்டிமீட்டர் வந்துவிடும். காலையில் வேரை வெட்டி, அசிட்டிக் அமிலமும் ஆல்கஹாலும் ஒன்றுக்கு மூன்றாகக் கலந்த திரவத்தில் ஒரு நாள் போட்டு வைப்போம். அப்புறம் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் லேசாகச் சூடு காட்டிக் கழுவினால் வேர் நெகிழ்ந்துவிடும். நுனி ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் நமக்கு வேண்டும். மாணவர்கள் செய்யும் தவறு பெரும்பாலும் இங்கேதான்: நுனியை எறிந்துவிட்டு நீளமான பாகத்தை வைத்துக்கொண்டு, பிரிகிற செல்லைத் தேடித் தேடிக் களைத்துப் போவார்கள். வேர் நீளமாவது மேலே செல்கள் நீள்வதால். எண்ணிக்கையில் பெருகுவது நுனியில் மட்டும். வளர்வதும் பிரிவதும் வேறு வேறு வேலை என்பதற்கு இதுவே சாட்சி. நுனியின் மேல் ஒரு சொட்டு அசிட்டோகார்மைன் என்ற சிவப்புச் சாயம் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் இரண்டு மூன்று தடவை காட்டி, மூடுவில்லை வைத்து, மடித்த ஒற்றுத்தாளுக்கு மேல் கட்டைவிரலால் நேராக அழுத்த வேண்டும். விரல் வழுக்கினால் செல்கள் உருண்டு குழம்பிவிடும்.

பார்த்தால் செங்கல் அடுக்கியது போல வரிசை வரிசையாகச் செல்கள். பத்தில் ஒன்பது சும்மா இருப்பது போலத் தெரியும். நடுவில் சிவந்த உருண்டையாக உட்கரு, அவ்வளவுதான். மெல்ல நகர்த்திக்கொண்டே போனால், ஒன்றில் உட்கரு நூல்கண்டு மாதிரி திரண்டிருக்கும்: புரோஃபேஸ். இன்னொன்றில் குரோமோசோம்கள் நடுவில் ஒரே கோட்டில் வந்து நிற்கும்: மெட்டாஃபேஸ். கொஞ்சம் அதிர்ஷ்டம் இருந்தால் அனாஃபேஸ் கிடைக்கும். எதிரெதிரே நீட்டிய இரண்டு கைகளின் விரல்கள் ஒன்றையொன்று விட்டு விலகுவது போல, இந்தப் பக்கம் பதினாறு, அந்தப் பக்கம் பதினாறு. முதன்முதலாக அதைப் பார்க்கும் மாணவர் யாரும் சத்தம் போடாமல் இருந்ததில்லை. கடைசியில் இரண்டு உருண்டைகள், நடுவே மெல்லிய கோடாகப் புதுச் சுவர். அந்தச் சுவர் நடுவில் தோன்றி ஓரம் நோக்கி விரியும். நம் உடம்புச் செல்லில் தலைகீழ்: சுருக்குப்பையின் கயிற்றை இழுத்தால் வாய் சுருங்குமே, அப்படி ஓரத்திலிருந்து உள்நோக்கி இறுகி இரண்டாகிறது.

அந்தச் சும்மா இருக்கும் ஒன்பது செல்களும் உண்மையில் சும்மா இல்லை. 1953-ல் லண்டனில் ஆல்மா ஹோவர்டும் ஸ்டீபன் பெல்க்கும் அவரை இனச் செடி ஒன்றின் வேர்களுக்குக் கதிரியக்கப் பாஸ்பரஸ் கொடுத்து, டிஎன்ஏ எப்போது படியெடுக்கப்படுகிறது என்று பார்த்தார்கள். குரோமோசோம்கள் கண்ணுக்குத் தெரியும் நேரத்தில் அந்த வேலை நடக்கவே இல்லை. அதற்கு வெகு முன்னால், உட்கரு வெறும் உருண்டையாகத் தெரியும்போதே முடிந்துவிடுகிறது. அந்தக் கட்டத்துக்கு எஸ் என்று பெயர். அதற்கு முன்னும் பின்னும் இரண்டு இடைவெளி: ஜி1, ஜி2. ஆய்வகத்தில் வளரும் மனிதச் செல் ஒன்றுக்கு ஒரு சுற்று ஏறத்தாழ 24 மணி நேரம் என்றால், படியெடுக்க மட்டும் எட்டு மணி நேரம். நுண்ணோக்கியில் நாம் ரசித்துப் பார்க்கும் பிரிவு ஒரு மணி நேரம்தான். ஒரு செல்லின் டிஎன்ஏவை நீட்டினால் இரண்டு மீட்டர். அறுநூறு கோடிக்கும் அதிகமான எழுத்து இணைகள். சரிபார்த்துத் திருத்தும் வேலையெல்லாம் முடிந்த பின் மிஞ்சும் பிழை, நூறு கோடி எழுத்துக்கு ஒன்று என்ற அளவில்தான். கோயில் கணக்கு எழுதுபவர்கூட இவ்வளவு கவனமாக எழுத முடியாது.

வாசல்கள் என்றேனே, அவை இந்த இடைவெளிகளில்தான் இருக்கின்றன. ரொட்டி ஈஸ்டின் பிரிவுச் சுழற்சியை ஜீன் ஜீனாகப் பிரித்துப் படித்தவர் சியாட்டிலில் இருந்த லீலண்ட் ஹார்ட்வெல். நர்ஸ், ஹண்டோடு நோபல் பரிசைப் பகிர்ந்த மூன்றாமவர். 1988-ல் அவரும் டெட் வைனர்ட்டும் செய்த ஒரு சோதனை எனக்கு மிகவும் பிடிக்கும். ஈஸ்டுக்கு எக்ஸ்ரே காட்டினால் டிஎன்ஏ உடையும். சாதாரண ஈஸ்ட் பிரிவதை நிறுத்தி, உடைந்ததைச் சரிசெய்துவிட்டு, அப்புறம் தொடரும். ராட்9 என்ற ஜீன் பழுதான ஈஸ்ட் நிற்காமல் பிரிந்து செத்துப்போகும். பழுதுபார்க்கத் தெரியாததால் சாகிறதா, நிற்கத் தெரியாததால் சாகிறதா? இதைப் பிரித்தறிய, அந்த ஈஸ்டுக்கு ஒரு மருந்து கொடுத்துச் சில மணி நேரம் கட்டாயமாக நிறுத்தி வைத்தார்கள். பிழைத்துக்கொண்டது! பழுதுபார்க்கும் கருவியெல்லாம் அதனிடம் இருந்தது. 'நில், பார்' என்று சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான். சோதனைச் சாவடி என்ற கருத்தே இங்கிருந்துதான் வலுப்பெற்றது. நம் செல்களில் அந்த 'நில்' சொல்லும் முக்கியமான புரதம் பி53. சேதம் சரிசெய்ய முடியாத அளவுக்குப் போனால், செல்லைத் தானே மடியச் சொல்வதும் அதுதான்.

இன்னொரு சாவடி மெட்டாஃபேஸில். படியெடுத்த இரட்டைக் குரோமோசோம்களை கொஹிசின் என்ற புரதம் வளையம் போட்டுக் கட்டி வைத்திருக்கும். செல்லின் இரண்டு துருவத்திலிருந்தும் கதிர்கோல் இழைகள் என்ற மெல்லிய புரத இழைகள் வந்து ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுக்கும், கயிறு இழுக்கும் போட்டி மாதிரி. மனிதச் செல்லின் நாற்பத்தாறு குரோமோசோமில் நாற்பத்தைந்து சரியாக மாட்டி, ஒன்றே ஒன்று பிடிபடாமல் இருந்தாலும் செல் காத்திருக்கும். கடைசி ஒன்றும் மாட்டிய பிறகுதான் வளையங்களை வெட்டும் கத்திரிக்கு உறை கழற்றப்படும். எல்லா வளையமும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் அறுபடும்.

அந்தக் கதிர்கோல் இழைகளே உருவாகாமல் தடுத்தால் என்ன ஆகும்? இந்தக் கேள்விக்கு விடை தமிழ்நாட்டின் மாநில மலரில் இருக்கிறது. செங்காந்தள். பெண்களின் விரலுக்கு உவமையாகச் சங்கப் புலவர்கள் சொன்ன அதே பூ. ஒட்டன்சத்திரம், மூலனூர், தாராபுரம் பக்கம் போனால் கண்வலிக் கிழங்கு என்ற பெயரில் வயல் வயலாகப் பயிரிட்டிருப்பார்கள். காலையில் ஆட்கள் பூப்பூவாகப் போய்க் கையாலேயே மகரந்தம் சேர்ப்பார்கள். விலை கிடைப்பது விதைக்கு, அதிலிருக்கும் கோல்கிசின் என்ற வேதிப்பொருளுக்காக. கதிர்கோல் இழை என்பது டியூபுலின் என்ற புரதம் செங்கல்போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எழும்பும் குழாய். கோல்கிசின் அந்தச் செங்கல்லைப் பிடித்துக்கொண்டு அடுக்க விடாது. குரோமோசோம்கள் தயாராகி நிற்கும்; இழுக்க ஆள் வராது; செல் மெட்டாஃபேஸிலேயே நின்றுவிடும். குரோமோசோம் எண்ண விரும்புகிறவர்களுக்கு இது பெரிய வசதி. மனிதனுக்கு 48 குரோமோசோம் என்று பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஜோ ஹின் ஜியோவும் ஆல்பர்ட் லெவானும் சுவீடனின் லுண்டில் கோல்கிசினால் செல்களை நிறுத்தி, உப்புச்செறிவு குறைந்த நீரில் ஊற வைத்து, குரோமோசோம்களை நன்றாகப் பரப்பி எண்ணினார்கள். 46 என்று உலகத்துக்குத் தெரிந்தது 1956-ல்தான்.

தாவரத்தில் கோல்கிசின் வேறொரு வேலையும் செய்யும். பிரிய முடியாமல் நின்ற செல், காத்திருந்து காத்திருந்து, இரட்டிப்பான குரோமோசோம்களை எல்லாம் ஒரே உட்கருவில் போட்டுக்கொண்டு அடுத்த சுற்றுக்குப் போய்விடும். இரண்டு மடங்கு குரோமோசோம் கொண்ட செல் பெரும்பாலும் அளவிலும் பெரிதாக இருக்கும். இலை தடிக்கும், பூ பெரிதாகும். விதையில்லாத் தர்ப்பூசணி வந்தது இந்த வழியில்தான். நம் இ. கே. ஜானகி அம்மாள் இந்தத் துறையில் உலகப் பெயர். தலச்சேரியில் பிறந்து, சென்னையில் படித்து, கோயம்புத்தூரில் கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்தவர். 1940-களின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் விஸ்லி தோட்டத்தில் மக்னோலியா நாற்றுகளுக்குக் கோல்கிசின் கொடுத்து வளர்த்தார். அவர் பெயரைத் தாங்கிய மக்னோலியா வகை இன்றும் இருக்கிறது. கடைசிக் காலத்தில் சென்னையை அடுத்த மதுரவாயலில் இருந்த ஆய்வுக்கூடத்தில் வேலை செய்துகொண்டே 1984-ல் காலமானார். உங்கள் மகள் அறிவியல் படிக்க ஆசைப்பட்டால் அவரைப் பற்றி அவசியம் தேடிப் படிக்கச் சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். செங்காந்தளின் எல்லாப் பாகமும் விஷம், கிழங்கு ரொம்பவே. வள்ளிக்கிழங்கு என்று நினைத்துச் சாப்பிட்டுச் செத்தவர்கள் இங்கேயும் உண்டு, அதை நியங்கலா என்று சொல்லும் இலங்கையிலும் உண்டு. அந்த விஷம் உடம்பில் செய்யும் சேதத்தின் வரிசையைப் பாருங்கள். முதலில் சில மணி நேரத்தில் வாந்தியும் பேதியும்; சில நாளில் எலும்பு மஜ்ஜை தளர்ந்து இரத்த அணுக்கள் சரியும்; பிழைத்தவர்களுக்கு ஒன்றிரண்டு வாரத்தில் தலைமுடி கொட்டும். குடலின் உட்பூச்சு நான்கைந்து நாளுக்கு ஒரு தடவை புதிதாகிறது. மஜ்ஜையிலிருந்து நொடிக்கு இருபது லட்சத்துக்கும் மேல் சிவப்பணுக்கள் வர வேண்டும். முடியின் வேரில் செல்கள் பெருகிக்கொண்டே இருக்க வேண்டும். நம் உடம்பில் ஓயாமல் பிரிந்துகொண்டிருப்பவை எவையோ அவற்றில்தான் அடி விழுகிறது. புற்றுநோய் மருந்துகள் எடுப்பவர்களுக்கும் வாந்தி, இரத்த அணுக் குறைவு, முடி கொட்டுவது எல்லாம் ஏன் வருகிறது என்பதற்கும் விளக்கம் இதேதான். வீட்டு வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து எடுக்கும் வின்கிரிஸ்டின், டியூபுலினைத்தான் பிடிக்கிறது. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு அது முக்கியமான மருந்து.

இப்போது மூன்றாவது கேள்வி, விரல் காயம். நம் தோலின் அடியில் இருக்கும் பெரும்பாலான செல்கள் ஜி1-லிருந்து ஒதுங்கி அமைதியாக இருக்கும். தானாகப் பிரியாது, வெளியிலிருந்து அழைப்பு வர வேண்டும். அந்த அழைப்பு எங்கிருந்து வருகிறது என்பதை 1974-ல் ரஸ்ஸல் ராஸ் ஒரு எளிய ஒப்பீட்டில் காட்டினார். உறைய விட்டு எடுத்த இரத்தத்தின் தெளிநீரைச் செல்களுக்கு ஊற்றினால் அவை பிரிகின்றன. உறைய விடாமல் எடுத்த பிளாஸ்மாவை ஊற்றினால் பிரிவதில்லை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உறைதல் மட்டும்தான். இரத்தம் உறையும்போது தட்டணுக்கள் உடைந்து, 'பிரியுங்கள்' என்ற வளர்ச்சிக் காரணியைக் கொட்டுகின்றன. கத்தி பட்ட இடத்தில் மட்டும்தான் இரத்தம் உறைகிறது, அதனால் அழைப்பும் அங்கே மட்டும்தான் எழுகிறது.

அழைப்பு கேட்ட செல்கள் காயத்தின் ஓரத்திலிருந்து பிரிந்து, நகர்ந்து, இடைவெளியை மூடுகின்றன. எதிர்ப்பக்கத்திலிருந்து வந்த செல்லை நான்கு புறமும் தொட்டுவிட்டால் நின்றுவிடுகின்றன. கண்ணாடித் தட்டில் வளர்த்தாலும் இதே கதைதான். இடம் நிறைந்து ஒன்றையொன்று தொட்டதும், ஒரே அடுக்காக நின்றுபோகும். நடுவில் ஒரு கோடு கீறினால் அந்தக் கோட்டை நிரப்பிவிட்டு மறுபடி நிற்கும். சவ்வில் இருக்கும் புரதங்கள் பக்கத்துச் செல்லைப் பிடித்துக்கொள்வதே உள்ளே 'போதும்' என்ற செய்தியாகப் போகிறது. புண் ஆறியதும் தட்டணுவின் அழைப்பு ஓய்ந்துவிடும், தொடுகையின் தடை வந்துவிடும். இரண்டும் சேர்ந்துதான் நிறுத்துகின்றன.

புற்றுநோய்ச் செல் இந்த இரண்டையும் கேட்காது. தொட்டாலும் நிற்காமல் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவியும். ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற அமெரிக்கப் பெண் 1951-ல் கருப்பைவாய்ப் புற்றுநோயால் இறந்தார். அவரிடமிருந்து, அவருடைய அனுமதி கேட்காமலே எடுத்த செல்கள் இன்றும் உலகெங்கும் ஆய்வகங்களில் பிரிந்துகொண்டிருக்கின்றன. அவர் செல்களுக்குள் புகுந்திருந்தது ஹெச்பிவி என்ற வைரசின் 18-ஆம் வகை. அது இரண்டு புரதங்களைச் செய்கிறது. ஒன்று, மேலே சொன்ன பி53-ஐ அழிக்கிறது. இன்னொன்று, ஜி1-ன் வாசலில் நிற்கும் ஆர்பி என்ற காவல் புரதத்தை முடக்குகிறது. இரண்டு வாசலும் திறந்துகிடந்தால் செல் நிற்காமல் ஓடும். கருப்பைவாய்ப் புற்றுநோயில் ஏறத்தாழ எழுபது சதவீதம் இந்த வைரசின் 16, 18 என்ற இரண்டு வகைகளால்தான் வருகிறது. இதற்குத் தடுப்பூசி இருக்கிறது. ஒன்பது முதல் பதினான்கு வயதுக்குள் போடுவது சிறந்தது. அதற்கு மேலும் போடலாம். பத்தாம் வகுப்பு என்றால் மகளுக்குப் பதினைந்து வயது இருக்கும். இன்னும் போடவில்லை என்றால் இந்த வாரமே மருத்துவரைப் பார்த்துக் கேளுங்கள்.